பல் டாக்டர் வீட்டு நிலைச்சட்டம்

டேப்பக்கா அழுது அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கணவரைச் சக்கர நாற்காலியில் வைத்து வீட்டு வாசலில் இறக்கிய அன்றுகூட அவள் அழவில்லை. எந்நேரமும் கழுத்தில் தொங்கும் அளவு டேப்பை உருவி, நாற்காலியின் அகலத்தைத்தான் அளந்தாள்.

"ஏய், என்ன இது? சட்டை எனக்கா, நாற்காலிக்கா?" என்றார் அவர்.

"பேசாம இருங்க. சக்கரத்தைத் தள்ற மாதிரி கையை வச்சுக்காட்டுங்க பார்ப்போம்."

நாற்காலி இருபத்தாறு அங்குலம். சக்கரத்தைத் தள்ள முழங்கை விரிந்தால் முப்பத்திரண்டு. அதோடு நாலு அங்குலம் லூஸ் விட்டு, முப்பத்தாறு என்று அளவு நோட்டில் எழுதிக்கொண்டாள். உடம்பு அளவுக்கே தைத்தால் போட்டுக்கொண்டவனால் மூச்சு விட முடியாது. முப்பது வருஷத் தையல் தொழிலில் அவள் கற்ற முதல் பாடம் அதுதான்.

அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. வீட்டின் முன்னறைதான் கடை. இரண்டு மெஷின், ஒரு வெட்டும் மேஜை, சுவரில் வரிசையாகப் பள்ளிச் சீருடைகள். வேறு தையல்காரர்கள் கெடுத்து அனுப்பிய துணியைச் சரிசெய்வதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. தப்பான தையலைக் கண்டால் அவள் கை சும்மா இருக்காது, பேசிக்கொண்டே பிரித்துவிடுவாள். ஆனால் பிரித்ததில் ஒரு நூலைக்கூட எறிய மாட்டாள். பழைய பட்டன், லைனிங், கொக்கி எல்லாம் ஒரு கவருக்குள் போகும். கவர் மேல் ஒரு சீட்டு. எப்போதோ ஒரு வாடிக்கைக்காரி, "என் கோட்டுப் பட்டனை மாத்திட்டே" என்று நடுத்தெருவில் நின்று கத்தியதிலிருந்து வந்த பழக்கம்.

கணவர் பஸ் டிரைவர். இருபத்தாறு வருஷம் பெரிய வண்டி ஓட்டி, ஒரு கண்ணாடியைக்கூட உரசாதவர். அப்படிப்பட்ட மனிதர், டெப்போவில் வண்டிக்கு அடியில் இறங்கிப் பார்க்கும் குழியில் கால் வழுக்கி விழுந்தார். முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே எதுவும் அவர் பேச்சைக் கேட்பதில்லை. விதி எப்படியெல்லாம் விளையாடுகிறது பாருங்கள்! ஓடும் வண்டி அவரை ஒன்றும் செய்யவில்லை. நின்ற வண்டிதான் கவிழ்த்தது.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "யார் தோளையும் பிடிக்காம நானே பாத்ரூமுக்குப் போய், நானே கதவைச் சாத்திக்கணும். வேற எதுவும் வேணாம் எனக்கு."

அந்த ஒன்றுக்காகத்தான் கான்ட்ராக்டர் வந்தான். வாசலில் சரிவுப்பாதை, சமமான தரை, பிடிமானக் கம்பி, அகலமான கதவு. மூன்று வாரத்தில் முடித்துத் தருவதாகப் பேச்சு. எழுத்து, கையெழுத்து எதுவும் இல்லை. டேப்பக்கா ஒரு தாளில் படம் வரைந்து, கதவுக்கு நேரே முப்பத்தாறு என்று வட்டம் போட்டு, போட்டோ எடுத்துப் போனில் அனுப்பினாள். அவன் குரலிலேயே பதில் வந்தது. "முப்பத்தாறு தானேக்கா? போட்டுடலாம். நீங்க நிம்மதியா தைங்க."

அந்த மூன்று வாரத்துக்கு மட்டும் கணவர் தன் அக்கா வீட்டுக்குப் போனார்.

கான்ட்ராக்டர் முக்கால்வாசிப் பணத்தை வாங்கிக்கொண்டான். பழைய சுவரை இடித்தான், நிலைச்சட்டத்தை நிறுத்தி அதன் மேல் சாக்கைப் போர்த்தினான், ஒரு சுவருக்கு டைல்ஸ் ஒட்டினான். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, வேறு இடத்தில் அவசரம் என்று கலவை மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனவன் போனவன்தான்.

போன் போட்டால், "நாளைக்கு வரேன்கா." மறுநாள் போட்டால் மறுபடியும், "நாளைக்கு." தெருவில் அவனுக்கு 'நாளைக்கு' என்றே பெயர் விழுந்துவிட்டது. பக்கத்துக் கடை போனிலிருந்து அவள் ஒருநாள் கூப்பிட்டாள்.

"ராங் நம்பர்," என்றான்.

"ராங் நம்பர் சொல்றதுக்காவது குரலை மாத்திக்கக் கூடாதா தம்பி?"

போன் அணைந்தது.

நான்கு மாதம் அந்த வீடு அப்படியே கிடந்தது. வாசலில் சரிவுப்பாதைக்காக வெட்டிய பள்ளம். அதன் மேல் வாடிக்கைக்காரர்கள் வந்துபோக ஒரு பலகை. பாத்ரூம் சுவரிலிருந்து வாய் திறந்து நிற்கும் இரண்டு குழாய்கள். எல்லாவற்றின் மேலும் சிமெண்ட் தூசி. தைத்து முடித்த வெள்ளைச் சட்டைகளைத் தூசி படாமல் காப்பாற்ற, அவள் தன் சமையலறையில் கயிறு கட்டி மாட்டினாள்.

ஒரு மதியம், பொறுக்க முடியாமல் அந்தச் சாக்கை இழுத்துப் போட்டு நிலைச்சட்டத்தில் டேப்பை வைத்தாள்.

இருபத்து நான்கு.

மறுபடி வைத்தாள். கீழே, நடுவில், மேலே. இருபத்து நான்கு, இருபத்து நான்கு, இருபத்து நான்கு!

அந்த நிமிஷம் அவளுக்குள் ஏதோ அறுந்தது. நான்கு மாதமாகக் காத்திருந்தது இதற்கா? முடித்திருந்தாலும் அவர் உள்ளே போயிருக்க முடியாதே! உளியும் சுத்தியும் எடுத்தாள். தப்பான தையலைப் பார்த்தால் என்ன செய்வாளோ, அதையே செய்தாள். நிலைச்சட்டத்தைச் சுவரிலிருந்து பிரித்தாள். கோணலாக ஒட்டியிருந்த டைல்ஸ்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்தாள். மாலைக்குள் அவன் செய்த வேலையில் பாதி அவிழ்ந்துவிட்டது. பழக்கம் விடுமா? டைல்ஸ் ஒவ்வொன்றிலும் சுண்ணக்கட்டியால் நம்பர் போட்டு மூட்டை கட்டினாள். நிலைச்சட்டத்தின் கால்களில் பழைய போர்வையைச் சுற்றி, சுவரோரம் படுக்க வைத்தாள்.

வாழ்க்கையிலேயே பெரிய தப்பைச் செய்துவிட்டோம் என்பது அப்போது அவளுக்குத் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வீட்டுக்குப் போனாள். கணவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். முகச்சவரம் செய்யவில்லை. மடியில் ஒரு ஃபாரம்.

"காப்பகத்து ஃபாரம்," என்றார் அவளைப் பார்க்காமல். "அங்க எல்லாக் கதவும் அகலமாம்."

நாத்தனார் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "நான் ஒண்ணும் விரட்டலைம்மா. ஆனா என் மகன் குடும்பத்தோட திரும்பி வர்றான். ஆறு மாசத்துல இந்த ரூம் வேணும். அதுவரைக்கும் என் மருமகன்தான் இவனைத் தூக்கிட்டுப் போகணும். அவனுக்கும் முதுகுன்னு ஒண்ணு இருக்கில்ல? நீ பாட்டுக்கு அங்க தைச்சுக்கிட்டு இருக்கே."

"தைச்சாதானே அண்ணி சாப்பாடு?"

"ஒரு கதவு வைக்கத் துப்பில்ல, வாய்க்கு மட்டும் குறைச்சலில்ல."

டேப்பக்கா கணவரின் காதோரம் குனிந்தாள்.

"என்னங்க, கையெழுத்துப் போட்டுட்டீங்களா?"

"இன்னும் இல்லை." அவர் குரல் உடைந்தது. "நேத்து மருமகன் வர லேட்டாயிடுச்சு. அரைமணி நேரம் அடக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். முடியலை. அக்கா பொண்ணு வந்து துடைச்சா. உனக்குப் புரியுதா?"

அவளுக்குப் புரிந்தது. அந்த ஃபாரத்தை எடுத்து நாலாக மடித்து ஜாக்கெட் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இது என்கிட்ட இருக்கட்டும். இந்த ஆறு மாசத்துக்குள்ள நீங்க நம்ம வீட்டுக் கதவை நீங்களே சாத்துவீங்க. இல்லைன்னா நானே இதுல கையெழுத்து வாங்கிக் கொண்டுபோய்க் கொடுக்கறேன்."

இலவச சட்ட உதவி மையம், ஒரு ஸ்டேஷனரிக் கடையின் மாடியில் இருந்தது. ஒரே ஒரு ஃபேன். அதுவும் பைல்களைப் பார்த்துத்தான் சுற்றியது. அங்கே இருந்த வக்கீல், அவளுக்கு மகளாகும் வயதுப் பெண். கறுப்புக் கோட்டின் உள்லைனிங் கிழிந்து கைக்கு வெளியே தொங்கியது. டேப்பக்கா தன் பையிலிருந்து ஊசி நூலை எடுத்தாள்.

"கோட்டைக் கழட்டுங்க வக்கீலம்மா. நீங்க பேசுங்க, காது சும்மாதான் இருக்கு."

வக்கீல் சிரித்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தாள். கதையைக் கேட்கக் கேட்கச் சிரிப்பு போய்விட்டது.

"எழுதி வாங்கலைன்னு பயப்படாதீங்கக்கா. வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான், நிரூபிச்சாப் போதும். அந்த வாய்ஸ் மெசேஜை அழிச்சுடாதீங்க. முதல்ல அவருக்கு ஒரு நோட்டீஸ். இன்னின்ன வேலை பாக்கி, பதினஞ்சு நாளுக்குள்ள முடிங்க, இல்லைன்னா வேற ஆளை வச்சு முடிச்சு அந்தச் செலவை உங்ககிட்டயே வாங்குவோம்னு. பதிவுத் தபால்ல போகும். மசியலைன்னா நுகர்வோர் மன்றம். சிவில் கோர்ட்டும் இருக்கு, ஆனா அங்க வருஷக்கணக்குல இழுக்கும்."

"போலீஸ்?"

"ஆரம்பத்துலேயே ஏமாத்தற எண்ணத்தோட வந்தார்னு காட்டினாத்தான் போலீஸ். வேலையைப் பாதியில விட்டதுக்கு அவங்க வரமாட்டாங்க." அவள் பேனாவை எடுத்தாள். "சரி, பாத்ரூம் இப்ப இருக்கற நிலைமையில போட்டோ எடுக்கணும். ஒரு இன்ஜினியர் வந்து பார்த்து ரிப்போர்ட் தரணும். நீங்க எதையும் தொடலையே?"

டேப்பக்காவின் ஊசி நின்றது.

"பிரிச்சுட்டேனே."

"என்னத்தைப் பிரிச்சீங்க?"

"எல்லாத்தையும்."

வக்கீல் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ அக்கா! 'நான் ஒழுங்கா முடிச்சுக் கொடுத்தேன், இந்தம்மாதான் உடைச்சாங்க'ன்னு அவர் சொன்னா நான் என்ன பண்ணுவேன்? நோட்டீஸ் அனுப்பி, ரிப்போர்ட் வாங்கினப்புறம்தான் கை வைக்கணும். யாராவது சாட்சியத்தைத் தானே உடைப்பாங்களா?"

"தப்பாத் தைச்சதைப் பிரிக்காம எப்படிம்மா இருக்க முடியும்?"

"பிரிச்சதை எங்க கொட்டினீங்க?"

"கொட்டறதா?" டேப்பக்காவுக்குக் கோபமே வந்துவிட்டது. "நம்பர் போட்டு மூட்டை கட்டி வச்சிருக்கேன். ஒரு துண்டு குறையாது."

வக்கீல் தைத்த கோட்டை வாங்கி மாட்டிக்கொண்டு எழுந்தாள். "வாங்க, பார்ப்போம்."

அன்றே வந்தாள், கூட ஒரு இன்ஜினியரும் வந்தார். பலகையில் பயந்து பயந்து நடந்து பாத்ரூமுக்குள் போனார்கள். இன்ஜினியர் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார்: தரைக்குச் சரிவு இல்லை, குழாய் முடியவில்லை, பள்ளம் மூடவில்லை. இவையெல்லாம் சுத்தியல் படாத இடங்கள். நிலைச்சட்டத்தை மட்டும் பார்த்துத் தலையாட்டினார்.

"இது அவர் வச்சதுதான்னு எப்படிச் சொல்றது? எந்தக் கடையிலயும் இதே மாதிரி கிடைக்கும்."

"உள்பக்கத்தைப் பாருங்க சார்," என்றாள் டேப்பக்கா. "ஒரு சட்டையை யார் தைச்சதுன்னு வெளியில தெரியாது. திருப்பினாத்தான் தெரியும்."

மூவருமாகத் தூக்கித் திருப்பினார்கள். சுவருக்குள் மறைந்திருந்த பக்கம். ஒட்டியிருந்த காரையை அவள் ஈரத்துணியால் துடைத்தாள். சிவப்புப் பென்சிலில் தச்சர் எழுதிய எழுத்து மெல்ல வெளியே வந்தது.

'பல் டாக்டர் வீடு. ஸ்டோர் ரூம். 24.'

வக்கீலின் கண் பளபளத்தது. "யாருக்கா அந்தப் பல் டாக்டர்?"

"ரெண்டு தெரு தள்ளி. 'நாளைக்கு' அங்க வேலை பார்த்ததைக் காட்டித்தானே என்கிட்ட வேலையே பிடிச்சான்!"

பல் டாக்டருக்குத் தன் வீட்டில் எது எங்கே போனது என்று நன்றாகத் தெரிந்திருந்தது. ஸ்டோர் ரூமைப் பெரிதாக்கியபோது பழைய நிலைச்சட்டத்தைக் கழற்றியதாகவும், அதைக் கான்ட்ராக்டரே எடுத்துப்போனதாகவும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "என் பேஷண்ட்டுங்க கூட இவ்வளவு பொய் சொல்றதில்லைம்மா," என்றார்.

நோட்டீஸ் போனது. வந்த பதில் வக்கீல் சொன்ன மாதிரியே இருந்தது. வேலை முழுவதும் முடிந்ததாம். முப்பத்தாறு அங்குலத்தில் புது நிலைச்சட்டம் வைத்ததாம். மீதிப் பணம் கொடுக்க மனமில்லாமல் அந்த அம்மாளே உடைத்து விற்றுவிட்டாளாம்!

வழக்கு நுகர்வோர் மன்றத்துக்குப் போனது. இரண்டு முறை தேதி தள்ளிப்போயிற்று. தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளும் பைக்குள் மடித்து வைத்த ஃபாரம் அவளைக் குத்தியது. மூன்றாவது தேதி வந்தபோது, நாத்தனார் கொடுத்த ஆறு மாதத்தில் மிச்சம் இருந்தது இரண்டு மாதம்.

"நீங்களும் வரணும்," என்றாள் கணவரிடம்.

"நாலு பேர் வேடிக்கை பார்க்கறதுக்கா?"

"பார்க்கட்டும். வெட்கப்பட வேண்டியவன் அவன். நீங்க எதுக்குங்க தலையைக் குனியறீங்க?"

அன்று காலை மன்றத்தின் படியருகே ஒரு சின்ன வேன் வந்து நின்றது. அதிலிருந்து டைல்ஸ் மூட்டைகள் இறங்கின. நிலைச்சட்டம் இறங்கியது. கடைசியில் சக்கர நாற்காலி இறங்கியது. முகச்சவரம் செய்து, டேப்பக்கா தைத்த வெள்ளைச் சட்டையில், பஸ்ஸை எடுக்கப் போகிறவர் போலவே உட்கார்ந்திருந்தார் டிரைவர். காவலாளி ஓடி வந்தார்.

"என்னம்மா இது, உள்ள வீடு கட்டப் போறீங்களா?"

"கட்டி முடிக்காததாலதான் ஐயா வந்திருக்கோம்."

உள்ளே மூன்று உறுப்பினர்கள். வக்கீல் அனுமதி கேட்டு நிலைச்சட்டத்தைத் திருப்பிக் காட்டினாள். சிவப்பு எழுத்தைத் தலைவர் கண்ணாடியை உயர்த்தி வாசித்தார். பல் டாக்டரின் கடிதத்தையும் வாசித்தார். போனில் கான்ட்ராக்டரின் குரல் எல்லார் காதிலும் விழுந்தது. "முப்பத்தாறு தானேக்கா? போட்டுடலாம்."

'நாளைக்கு' கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தான். முப்பத்தாறு வைத்ததாக நோட்டீஸ் பதிலில் எழுதிக் கொடுத்தவன், ஒரே மூச்சில் கதையை மாற்றினான்.

"ஐயா, இருபத்து நாலே தாராளம்யா. நாற்காலியைக் கொஞ்சம் சாய்ச்சாப் போயிடும். எத்தனையோ வீட்டுல அட்ஜஸ்ட் பண்ணிக்கறாங்க. இந்தக்கா பிடிவாதம் பிடிக்கறாங்க."

நாற்காலியிலிருந்து டிரைவரின் குரல் எழுந்தது. நடுங்கவில்லை.

"ஐயா, இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டினவன் நான். எந்தச் சந்துல வண்டி நுழையும், எதுல நுழையாதுன்னு எனக்குத் தெரியும். அந்தக் கதவை நிறுத்தச் சொல்லுங்க. நானே ஓட்டிக் காட்டறேன்."

தலைவர் தலையசைத்தார். ஒரு பக்கம் டேப்பக்கா, இன்னொரு பக்கம் வேன் டிரைவர், நிலைச்சட்டத்தை நிமிர்த்திப் பிடித்தார்கள். கணவர் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். நேராக, கோடு போட்ட மாதிரி வந்தார். நாற்காலி மரத்தில் மோதி நின்றது. விட்டாரா? பின்னால் எடுத்து மறுபடி வந்தார். விரல் முட்டி மரத்தில் உரசித் தோல் பெயர்ந்து ரத்தம் துளிர்த்தது. அதைப் பார்த்தும் டேப்பக்கா பிடியைத் தளர்த்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

கான்ட்ராக்டர் பதறி எழுந்து வந்தான். "கொஞ்சம் சாய்க்கணும் சார், இப்படி..."

"கையை எடு!" என்றார் டிரைவர். சுவர் அதிர்ந்தது. "என்னைச் சாய்க்கறதுக்கு நான் மூட்டையா? மனுஷன்டா!"

அவன் கை அந்தரத்தில் நின்றது.

அதற்குப் பிறகு அவனுடைய வக்கீலே அவனை மூலைக்கு அழைத்துப்போய் ஏதோ குசுகுசுத்தார். திரும்பி வந்து, வேலையைத் தன் கட்சிக்காரரே இலவசமாக முடித்துத் தருவார், சமரசமாகப் போகலாம் என்றார். தலைவர் டேப்பக்காவைப் பார்த்தார்.

"என்னம்மா, அவரே முடிச்சுக் கொடுத்தா ஒத்துக்கறீங்களா?"

"எப்ப வருவாராம் ஐயா?"

"நாளைக்கே வரேன்கா!" என்றான் அவன்.

உறுப்பினர்களில் ஒருவர் சிரிப்பை அடக்க ஃபைலைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். வழக்கு மனுவில் அந்தப் பட்டப்பெயரும் ஏறியிருந்தது.

டேப்பக்கா நிலைச்சட்டத்தை விட்டு ஓரடி முன்னால் வந்தாள். "ஒருத்தர் வெட்டிக் கெடுத்த துணியை மறுபடி அவர் கையிலேயே கொடுக்கச் சொல்லாதீங்க ஐயா. என் வீட்டுல இனிமே அவர் கத்தரி படக்கூடாது. ஆகற செலவை வாங்கிக் கொடுங்க. முடிக்கறதுக்கு ஆளை நான் பார்த்துக்கறேன். இந்த மனுஷன் தானே கதவைச் சாத்தணும். அதுக்கு ஒரு நாள்கூட இனிமே என்னால தள்ளிப்போட முடியாது."

இன்ஜினியர் ரிப்போர்ட்டில் இருந்த முழுச் செலவும், அலைக்கழித்ததற்கு நஷ்டஈடும், பதினைந்து நாளுக்குள் கட்டுவதாகக் கான்ட்ராக்டர் ஒத்துக்கொண்டான். அன்றே இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு உத்தரவாக எழுதப்பட்டது. பதினான்காம் நாள் அவன் கட்டினான்.

வேறு மேஸ்திரி வந்தார். இந்த முறை ஒவ்வொரு அளவும் தாளில் ஏறியது. கீழே இரண்டு கையெழுத்து. ஒரு பகுதி முடிந்து அவள் டேப்பை வைத்துப் பார்த்த பிறகுதான் அடுத்த பகுதிக்குப் பணம். "கலெக்டர் ஆபீஸ் தோத்துடும்கா," என்று மேஸ்திரி முணுமுணுத்தார். ஆனாலும் இருபத்து மூன்றாம் நாள் முடித்துக் கொடுத்துவிட்டார்.

கணவரைக் கொண்டுவந்து விட்டது நாத்தனார்தான். சரிவுப்பாதையில் தம்பி தானே ஏறிப் போவதைப் பார்த்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "துப்பில்லைன்னு சொன்னேன், மனசுல வச்சுக்காதே."

"வச்சுக்கிட்டதாலதான் அண்ணி இவ்வளவும் நடந்தது," என்றாள் டேப்பக்கா. இருவரும் சிரித்துவிட்டார்கள்.

காப்பகத்து ஃபாரம் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? நல்ல கெட்டித் தாள். டேப்பக்கா அதைக் காலர் வடிவத்தில் வெட்டிவிட்டாள். இப்போது கணவரின் சட்டைக் காலர் எல்லாம் அந்தப் பேட்டர்னை வைத்துத்தான் வெட்டுகிறாள். பல் டாக்டர் வீட்டு நிலைச்சட்டம் கடையில் படுக்கைவாட்டில் தொங்குகிறது; தைத்து முடித்த சட்டைகளை அதில்தான் மாட்டுகிறாள். சிவப்பு எழுத்து இருக்கும் பக்கம் தெருவைப் பார்த்தபடி இருக்கிறது. கேட்கிறவர்களுக்குக் கதை இலவசம்.

வீட்டுக்கு வந்த அந்த முதல் மதியம், அவர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு பாத்ரூமை நோக்கிப் போனார். முழங்கை இரண்டும் தாராளமாக விரிந்தன. எங்கும் உரசவில்லை. அவள் பின்னாலேயே போனாள்.

"என்னங்க, ஏதாவது வேணுமா?"

"வேணும். நீ அந்தப் பக்கம் போகணும்."

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது.

டேப்பக்கா முன்னறைக்கு ஓடினாள். மெஷினில் உட்கார்ந்து பெடலை மிதித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து இன்றுவரை, ஏறக்குறைய ஒரு வருஷமாக அடக்கி வைத்ததெல்லாம் அணை உடைந்து வந்தது. தெருவுக்குக் கேட்காமல் இருக்க இன்னும் வேகமாக மிதித்தாள்.

"ஏய்!" உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது. "துணி வைக்காம மெஷினை ஏன் ஓட்டறே? ஊசி உடைஞ்சுடப் போகுது."